144 எங்கிருந்து வந்தது?

ஆறாம் வகுப்போடு அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். உளி பிடிக்கவும் இழைப்புளி தள்ளவும் அப்பா சொல்லிக்கொடுத்தார். கணக்கு மட்டும் மரவாடிக்காரர்களிடமே இருந்தது. மரத்தைக் கன அடியில் விற்பார்கள். அவர்கள் சிட்டையில் எழுதியதுதான் அளவு. அதைச் சரிபார்க்க எங்கள் இருவருக்குமே தெரியாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, இதைக் கற்றே தீர்வது என்று இறங்கினேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். பட்டறையைச் சாத்திவிட்டு மாலையில் அவர் வீட்டுக்குப் போவேன்.

"தம்பி, புத்தகம் இருக்கட்டும். உங்க டேப்பை எடுங்க. ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல்?"

"எட்டு, டீச்சர்."

"அப்போ மூணு நூல்னா எட்டுல மூணு பங்கு. பின்னம் உங்களுக்குத் தெரியும். எழுதத்தான் பழகணும்."

முக்கால் இஞ்ச் பலகையில் மூன்று நூல் இழைத்தால் மூன்று நூல் மிஞ்சும். இது எந்தத் தச்சருக்கும் தெரியும். அதையே எட்டில் ஆறிலிருந்து எட்டில் மூன்றைக் கழித்து எழுதவைத்தார். வாய்ப்பாடுதான் இந்த வயதில் சிரமம். இழைக்கும்போதே சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்டேன்.

பிறகு கன அடி. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலும் வைத்துப் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. ஏன் 144 என்று கேட்டேன். ஒரு சதுர அடிக் காகிதத்தில் இஞ்சுக்கு ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம், எண்ணினால் 144. சட்டத்தின் வெட்டுமுகம் அந்தச் சதுர அடியில் எத்தனை பங்கு என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

உள்ளறைக் கதவு நிலை ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்துக்கு மூன்று சட்டம், 7 அடியில் இரண்டு, 4 அடியில் ஒன்று. மொத்தம் 18 அடி. 15-ஆல் பெருக்கினால் 270. 144-ஆல் வகுத்தால் 1.875. டீச்சர் அதை "ஒன்றே முக்காலே அரைக்கால்" என்று வாசித்தார். அப்பா வாயில் கேட்டுப் பழகிய அளவு. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவிக்கு அந்தக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டினேன்.

மூலைமட்டத்துக்கு 3, 4, 5 போடுவது கொத்தனாருக்கும் தெரியும், தச்சருக்கும் தெரியும். அது பிதாகரஸ் தேற்றமாகப் பள்ளிப் பாடத்தில் இருப்பதை இப்போதுதான் படித்தேன். ஓட்டுக்கூரையின் பாதி அகலம் 12 அடி, உயரம் 5 அடி என்றால் கைமரம் 13 அடி. (சுவருக்கு வெளியே இறங்கும் பகுதிக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.) முன்பெல்லாம் கயிறு பிடித்துத்தான் அளப்போம். இப்போது மரம் வாங்கப் போகுமுன்பே தாளில் தெரிந்துவிடுகிறது.

நடுவயதில் படிக்க வருகிறவர்களிடம் சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைக் கொடுத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்வது தவறு என்பது என் உறுதியான எண்ணம். பாதி விடை எங்கள் கையில் இருக்கிறது. அதற்குக் காரணம் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருந்தால் போதும். உச்ச வயது வரம்பு கிடையாது. அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்ட தச்சரோ கொத்தனாரோ தையற்காரரோ உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கணக்குத் தெரிந்தவர் என்றால், வாரத்தில் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள்.