வளைவு சொன்ன பொய்

தில்லி
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதிக்கு,

கால் வீங்கிக் கிடக்கிறேன்டீ. பேத்தி நேற்று குதுப் மினாருக்கு இழுத்துப் போனாள். மினாரைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. 72.5 மீட்டர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். வம்பெல்லாம் அதன் காலடியில் இருக்கிற மசூதியில்.

கட்டடக்கலை படிக்கிறாளே, ஒரு வளைவைக் காட்டி, “பாட்டி, இது பொய்” என்றாள். தில்லியை ஆண்ட குத்புத்தீன் ஐபக் 1199 வாக்கில் தொழுகைக் கூடத்துக்கு முன்னால் எழுப்பிய திரைச்சுவரின் வளைவு அது. “கல் சேருகிற கோட்டைப் பார்” என்றாள். பார்த்தால், எல்லாக் கோடும் கிடையாக ஓடுகிறது! ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் முன்னே நீட்டி, இரண்டு பக்கமும் உச்சியில் கிட்டே வந்ததும் ஓரத்தை வளைவாகச் செதுக்கிவிட்டிருக்கிறார்கள். கார்பெல் என்று பெயராம். அட, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடாக ஏறுவதும் இப்படித்தானே! படத்தைக் காட்டி ரவிக்கை தைக்கக் கொடுத்தால் நம் தையல்காரர் அவருக்குத் தெரிந்த வெட்டில் தைத்துத் தருவாரே, அதே கதை. ஐபக் வடிவத்தைக் கேட்டார், உள்ளூர்ச் சிற்பி வடிவத்தைக் கொடுத்துவிட்டார்.

மெய்யான வளைவில் கல் ஒவ்வொன்றும் ஆப்பு மாதிரி இருக்கும். கோடுகள் பனையோலை விசிறி மடிப்பாக விரியும். அது வந்துசேரக் கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியிருக்கிறது. 1287 வாக்கில் கட்டிய சுல்தான் பால்பன் சமாதியில்தான் இந்தியாவில் மிஞ்சிய முதல் மெய் வளைவு என்கிறார்கள். பக்கத்திலேதான் பாழடைந்து கிடக்கிறது, ஈ காக்காய் இல்லை. 1311-இல் சுல்தான் அலாவுதீன் கட்டிய அலாய் தர்வாசா என்ற நுழைவாயிலுக்கு வந்தால் மடிப்பு சுத்தம். விளிம்பில் மொட்டு மொட்டாகக் கல் பூ வேறு. கண்ணை எடுக்க முடியவில்லை.

நடுவில் என் மானம் போன கதை. சுல்தான் இல்துத்மிஷ் சமாதியில், சதுர அறைமேல் வட்டக் குவிமாடம் உட்கார மூலைக்கு மூலை குறுக்கே வளைவு போட்டிருக்கிறார்கள், அது ஸ்க்விஞ்ச். குவிமாடம் எப்போதோ விழுந்துவிட்டது, தலைக்குமேல் வானம். மேற்குச் சுவரில் சலவைக்கல் மாடம் ஒன்று. “விளக்கு எங்கேடீ?” என்று கேட்டுவைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். மாடப்பிறை இல்லையாம், மிஹ்ராப், மக்காவின் திசை காட்டுவது.

இன்னொன்று கேள். 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சி விழுந்ததா, ராபர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார மேஜர் 1828-இல் தன் இஷ்டத்துக்கு ஒரு மண்டபத்தைத் தொப்பியாக வைத்திருக்கிறார். சகிக்காமல் 1848-இல் ஹார்டிஞ்ச் பிரபு இறக்கிவிட்டார். இன்றைக்கும் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது, பாவம். அதன் எதிரே உட்கார்ந்துதான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

உன் பிள்ளை புது வீட்டு வாசலில் வளைவு வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அது எந்த ரகம்? கேட்டு எழுது. பிளைவுட்டாக இருக்கும் என்று இவள் சிரிக்கிறாள்.

உன்
விசாலம்