பேனும் அன்று, உண்ணியும் அன்று



என் வகுப்பு மாணவன் ஒருவனின் தலைமுடியைப் பற்றி இன்று எழுதப் போகிறேன். இரண்டு மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் செய்தி இது.

எங்கள் பீடோர் வட்டாரத்தில் பெற்றோர் பலருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. சிலருக்குக் கொய்யாத் தோட்டத்தில். நான்காம் ஆண்டு படிக்கும் இந்த மாணவனின் தந்தை மட்டும், காட்டோரம் வேலியடைத்து மான் வளர்க்கும் ஒருவரிடம் பணிபுரிகிறார். வார இறுதியில் பையனும் தந்தையோடு சென்று மான்களுக்குப் புல் அள்ளிப் போடுவான்.

ஒரு திங்கட்கிழமை காலை, அறிவியல் பாட வேளையில், அவன் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவி "டீச்சர், இவன் தலையில பேன்!" என்று கத்தினாள். அருகே சென்று பார்த்தேன். காதோரம் தட்டையாக, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று நண்டைப் போல் பக்கவாட்டில் ஓடி முடிக்குள் மறைந்தது. பேனை விடப் பெரிதாக இருந்தது. அந்த வேறுபாடு என் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. வகுப்பே சிரித்தது. நான் அவனைக் கடைசி வரிசையில் தனியே அமர்த்தினேன். பெற்றோருக்குக் குறிப்பு எழுதும் புத்தகத்தில், "மகனின் தலையில் பேன் உள்ளது. தூய்மையைக் கவனிக்கவும்" என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தான். யாரிடமும் பேசவில்லை. ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு வந்து பயிற்சிப் புத்தகத்தை விரித்தான். ஒரு பக்கத்தில் செல்லோடேப்பின் கீழ் அந்தப் பூச்சி ஒட்டப்பட்டிருந்தது.

"இது பேன் இல்ல டீச்சர். மான் மேல இருக்கும். பறந்து வரும்போது ரெக்க இருந்துச்சு, அப்புறம் உதுந்து போச்சு."

பறந்து வந்ததற்கு இறக்கை உதிருமா? நான் நம்பவில்லை. "அப்படியென்றால் இது உண்ணியாக இருக்கும்" என்றேன்.

"உண்ணிக்கு எட்டுக் காலு டீச்சர். இதுக்கு ஆறுதான்."

அந்தப் பாடத்தை நடத்தியவள் நான்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கால்கள் ஆறு. ஒவ்வொரு காலின் நுனியிலும் வலுவான கொக்கிகள். தலை, மார்பு, வயிறு எனத் தனித்தனியாகத் தெரிந்தன. மார்பின் இரு பக்கமும் கிழிந்த துணியின் ஓரம் போல இறக்கைகளின் அடிப்பகுதி மட்டும் எஞ்சியிருந்தது.

அன்றிரவு வெகுநேரம் தேடிப் படித்தேன். அது ஓர் ஈ. மான்களின் மேல் வாழ்ந்து இரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணி ஈ. அதன் பேரினத்துக்கு லிப்போப்டீனா என்று பெயர். இறக்கை இழந்தது என்னும் பொருள்பட வைத்த பெயராம். கூட்டிலிருந்து வெளிவரும்போது இறக்கை இருக்கும். மானின் உடலில் இறங்கியதும் இறக்கை முறிந்து விழுந்துவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த உரோமத்துக்குள்தான். இது முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத் தாய் தன் வயிற்றுக்குள்ளேயே பால் போன்ற சுரப்பை ஊட்டி வளர்க்கிறது. கூட்டுப்புழுவாகும் தறுவாயில் அதை வெளியே விடுகிறது. ஈக்குள் இப்படியொரு தாய்மையா என்று வியந்து, கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐரோப்பிய மான் ஈக்கு அறிவியல் பெயர் சூட்டியவர், உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ். 1758-ஆம் ஆண்டில் அவர் இட்ட பெயர் 'பெடிகுலஸ் செர்வி'. பெடிகுலஸ் என்பது நம் தலைப்பேனின் பேரினம். அவரும் இதைப் பேன் என்றே எண்ணிவிட்டார்! படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எந்தப் பிள்ளையையும் கடைசி வரிசையில் அமர்த்தவில்லை.

பெற்றோர்கள் அறிந்துகொள்ள இதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பேன் மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதற்கு இறக்கை எக்காலத்திலும் கிடையாது. முடியில் ஈர் ஒட்டியிருக்கும். உண்ணிக்குத் தனித் தலை தெரியாது, உடல் ஒரே பை போல இருக்கும். கால்களை மட்டும் எண்ணி முடிவு செய்துவிடக் கூடாது, ஏனெனில் உண்ணியின் இளம் பருவத்துக்கும் கால் ஆறுதான். இறக்கையின் எச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மான் ஈயின் உடல் தோல் போல் கடினமானது. விரலால் எளிதில் நசுக்க முடியாது. இவ்வளவுக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். எந்தச் சிற்றினம் என்று சொல்லத்தான் நிபுணர் வேண்டும். உடலில் உள்ள முள்மயிர்களையும் வயிற்றுத் தகடுகளையும் வைத்துப் பிரிப்பார்கள். ஹவாயியின் பிஷப் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டி.சி. மா என்பவர் 1965-இல் இவற்றைத் தொகுத்து வகைப்படுத்தியிருக்கிறார்.

இந்த ஈ மனிதனையும் கடிக்கும், ஆனால் மனித உடலில் இனம் பெருக்காது. பின்லாந்தில் 1960-களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கியது முதல், காட்டுக்குள் செல்வோர்க்கு நாள்பட்ட தோல் தடிப்பு வருகிறதாம். எனவே மான் கொட்டகைக்குச் செல்லும் பிள்ளைக்குத் தொப்பி அணிவிப்பதும், வீடு திரும்பியதும் தலை வாரிப் பார்ப்பதும் நல்லது. மொட்டை அடிக்கத் தேவையில்லை.

மறுநாள் வகுப்பின் முன் நின்று, நான் சொன்னது தவறு, அவன் சொன்னதே சரி என்றேன். உற்றறிதல், வகைப்படுத்துதல் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் தேறியவள் நான். அவன் அதைச் செய்தே காட்டியிருந்தான். மாலையில் பள்ளி வாசலில் அவன் தாயாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், முடிதானே, வளந்துரும்" என்றார். முகம் மட்டும் வாடியிருந்தது. அந்தக் குறிப்பைப் படித்த இரவு, கொட்டகை வேலைக்குப் போகும் கணவரோடு சண்டை பிடித்ததாகப் பிறகு சொன்னார்.

பையன் புத்தகத்தை நீட்டி, "அந்த எழுத்த அடிச்சிடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டான். சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, "இது என் பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

போன வாரம் மறுபடியும் வந்தான். பாட்டி வளர்க்கும் புறாவின் இறகுக்குள் அதே போல் ஒன்று ஓடுவதைப் பார்த்தானாம். புறா ஈயும் இதே குடும்பந்தான். புறாக்களுக்கு ஒரு வகை இரத்த நோயை அது கடத்துவதை 1906-இல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் கண்டறிந்தார்கள். நான் சொல்லும் முன்பே அவன் அதை மான் ஈக்குக் கீழே ஒட்டி எழுதி வைத்திருந்தான்: 'கால் 6. இறக்கை 2. உதிரவில்லை.'