நாற்பது வளைவுக்கு இரண்டு வாளி

வால்பாறைப் பயணம் மற்றவர்களுக்குப் பொள்ளாச்சியில் ஆரம்பிக்கும். எனக்கு முந்தின நாளே வீட்டு வாசலில்! ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை அதில் அலசி அலசித் தேய்க்காவிட்டால் மண்துகள் பெயிண்ட்டில் வட்டவட்டமாய்க் கோலம் போட்டுவிடும். (காய்ந்த தூசியை மஞ்சள் துணியால் தேய்க்கும் ஆசாமிகளைக் கண்டாலே எனக்கு பி.பி. ஏறும்.) கடைசியில் மெழுகு. "என் முகத்தை இப்படி உத்துப் பார்த்ததுண்டா?" என்பாள் மனைவி. பதில் சொன்னால் டிபன் கட்!

ஆழியாறு அணை தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் நிறுத்துங்கள். கீழே அணை, மேலே மேகம். அந்த மேகம் பானெட்டிலும் தெரியும். பட்ட பாடெல்லாம் அதற்குத்தான். அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடு நிற்கும், நம்மைச் சட்டை செய்யாமல். பிஸ்கட் போடாதீர்கள், சார்.

சமாச்சாரமே இறங்கும்போதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் புண்ணியவான்கள் இன்னும் உண்டு. மொத்த பாரமும் பிரேக் தலையில். அது பழுக்கக் காய்ந்து பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். செலவு நியூட்ரலில்தான்!

கீழே வந்ததும், முகப்பில் அப்பிய பூச்சிகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்து அன்றைக்கே எடுத்துவிடணும். நாலு நாள் விட்டால் பெயிண்ட்டை அரித்துவிடும்.