ஊட்டிப் பயணம்: ஆறு படங்கள்

சென்ற ஏப்ரலில் பிரான்சிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு வசந்தகால விடுமுறை இரண்டு வாரம். அதில் ஐந்து நாள் எல்லோருமாக ஊட்டி போய்விட்டு, திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தோம். பயணம் முடிந்ததும் மகன் என் போனுக்கு 412 படங்கள் அனுப்பினான். 1988-ல் எல்.டி.சி. போட்டு இதே ஊட்டிக்குப் போனபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரோல். 36 படம்தான். ஒவ்வொரு படத்துக்கும் யோசித்து யோசித்துப் பட்டனை அழுத்துவோம். அந்தப் பழக்கம் போகாததால், 412-லிருந்து ஆறு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படம்: புளியமரத்தடி

கள்ளக்குறிச்சி தாண்டி ரோட்டோரம். வேன் நிற்கிறது. என் மனைவி டிபன் கேரியரைத் திறந்து புளிச்சோறு பரிமாறுகிறாள். பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு எட்டு. இருவரும் சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி என்று ஒரு பகல் முழுக்க ஓடி, இருட்டும்போது மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். ஊட்டிக்கு வண்டியில் போக இப்போது இ-பாஸ் வேண்டும். அதை மகன் முன்பே கணினியில் எடுத்து வைத்திருந்தான்.

எங்கள் வீட்டு மொழி நிலவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பல வீடுகளில் உள்ள கதைதான். மருமகள் பிரெஞ்சு தேசியம் உள்ள குடும்பத்துப் பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ‘தாத்தா’, ‘ஆயா’, ‘சோறு’, ‘போதும்’ என்று நாலைந்து சொல். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வேலையில் சேர்ந்த பிறகு முப்பத்தைந்து வருடம் ஆங்கிலத்தில் நோட்டு எழுதியே காலம் போய்விட்டாலும், சின்ன வயதில் படித்தது நாக்கில் நின்றுவிட்டது. என் மனைவி வில்லியனூர்ப் பெண், தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆகவே ஆயாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் நான்தான் துபாஷி.

இரண்டாம் படம்: பல் உள்ள தண்டவாளம்

காலை 7.10-க்கு மலை ரயில். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல்வரிசை போல ஒரு இரும்புப் பட்டை வருகிறது. இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி.  இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் பாதை திறந்தார்கள். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தப் பல் பட்டைக்குப் பிரெஞ்சில் ‘கிரெமயேர்’ என்று பெயர். பேரனுக்குச் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் ஊரில் புது வீட்டுக்குக் குடிபோனால் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பதை ‘கிரெமயேர் தொங்கவிடுவது’ என்பார்கள். விருந்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே குண்டானைத் தொங்கவிட, பல்பல்லாக வெட்டிய ஓர் இரும்புக் கொக்கி இருக்கும், அதுதான் கிரெமயேர், வீடு கட்டி முடித்ததும் அதை மாட்டினால்தான் சமையல் ஆரம்பம், நாம் பால் காய்ச்சுவது மாதிரி என்றேன். “தாத்தா, நீ பழைய புத்தகம் மாதிரி பேசுகிறாய்” என்றான். அறுபது வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடப் பிரெஞ்சு, வேறு எப்படி இருக்கும்!

மூன்றாம் படம்: ஹில்குரோவ்

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிறுத்துகிறார்கள். டீ, வடை, குரங்கு மூன்றும் தாராளம். படத்தில் நானும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்வது தெரிகிறது. என்ன சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அவள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குக் கேட்டுவிட்டாள்: “ஏங்க, நீங்க இருக்கறவரைக்கும் சரி. நீங்க இல்லாமப் போனா இந்தப் பிள்ளைங்ககிட்ட நான் எப்படிங்க பேசறது?”

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் வந்து நின்ற பேத்தி, ஆயா என்ன சொல்கிறாள் என்று பிரெஞ்சில் கேட்டாள். வடை ஆறிப்போய்விட்டதாம் என்றேன். அவள் என் முகத்தையும் ஆயா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இன்ஜின் ஊதியது, ஏறிக்கொண்டோம்.

நான்காம் படம்: கல்லாகிப்போன மரம்

ஊட்டி தாவரவியல் பூங்கா. 2 கோடி வருடத்துக்கு முந்தையது என்று சொல்லப்படும் மரக்கட்டை, கல்லாக மாறிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பேரன். 1988 ஆல்பத்தில் இதே இடத்தில் அவன் அப்பா, அரை டிராயரோடு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள்.

இந்தப் பூங்காவை உண்டாக்கியவர் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர், 1848-ல். நம் ஊர் தாவரவியல் பூங்கா 1826. அதாவது நம்முடையதுதான் மூத்தது. இதைப் பேரப்பிள்ளைகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீலகிரிக்கும் புதுச்சேரிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நம் ஊர்ப் பூங்காவைக் கவனித்துக்கொண்ட சுவிட்சர்லாந்தில் பிறந்த பெரோத்தே என்ற தாவரவியலாளர் 1830-களிலேயே இந்த மலைகளில் அலைந்து செடிகொடிகளைச் சேகரித்தவர். 1870-ல் நம் ஊரிலேயே காலமானார். செடியின் பெயரை மலைக்காரர்களிடம் எப்படிக் கேட்டிருப்பார் என்று பேத்தி கேட்டாள். கூட ஒரு துபாஷி இருந்திருப்பான் என்றேன். “உன்னை மாதிரி” என்றாள்.

அன்று இரவு அறையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவள் ஒரு நோட்டை எடுத்தாள். ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளியைத் தொட்டுக் காட்டினாள். “கம்பளி” என்றாள் ஆயா. பிரெஞ்சு எழுத்தில் அதை எழுதிக்கொண்டாள். குளிர், வெந்நீர், தலைகாணி, கொட்டாவி. நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் படம்: சுடிதார்

கோத்தகிரி வழியாக இறங்கி, கடைசி நாள் பிளாக் தண்டர். பிள்ளைகள் பாரிஸ் பக்கத்து டிஸ்னிலேண்டைப் பார்த்தவர்கள். இது அவர்களுக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்த முதல் தடவையிலேயே பேரன் டிஸ்னியை மறந்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தால் நீலமாக மலை. அது டிஸ்னியில் கிடையாது.

புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொன்னதும் மனைவி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருமகள் தன் பையிலிருந்து ஒரு நைலான் சுடிதாரை எடுத்துக் கையில் கொடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து கெஞ்சினாள். நாற்பத்தாறு வருட தாம்பத்தியத்தில் என் மனைவியைச் சுடிதாரில் பார்த்தது அன்றுதான். “பார்க்காதீங்க” என்றாள். பார்த்தேன், மகன் படமும் எடுத்தான்.

ஆறாம் படம்: அலைக்குளம்

இது தூரத்திலிருந்து நானே எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது. டாக்டர் தண்ணீர் விளையாட்டெல்லாம் வேண்டாம் என்றிருந்ததால் நான் பைகளுக்குக் காவல். மணி அடித்ததும் குளத்தில் அலை எழும்புகிறது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள், இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறாள். மூன்று பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மொழி என்று எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது பேரன் “புடிச்சிக்கோ, புடிச்சிக்கோ” என்று கத்திக்கொண்டே வந்தான். மனைவி பதிலுக்கு “அத்தான் சியோம்!” என்றாள். ஜாக்கிரதை என்பதற்குப் பிரெஞ்சில் ‘அத்தான்சியோன்’. “மறக்காதுங்க, அத்தானைக் கூப்பிடற மாதிரிதானே இருக்கு” என்று விளக்கம் வேறு. உள்ளே என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “அது எங்களுக்குள்ள” என்றாள்.

அவர்கள் ஊருக்குப் போய் நான்கு மாதமாகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் முதலில் நான்தான் எடுப்பேன். இப்போது போன் நேராக அடுப்படிக்குப் போய்விடுகிறது. ஒரு சொல் இந்தப் பக்கமிருந்து, ஒரு சொல் அந்தப் பக்கமிருந்து. நடுநடுவே சைகை, சிரிப்பு. முழு வாக்கியம் இன்னும் வரவில்லை. மனைவி தன் பங்குக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறாள். உச்சரிப்பு சரியா என்று என்னிடம் கேட்பதுண்டு. அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கும் உத்தியோகம்.

நம் ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளைகளோடு பேச வழியில்லாமல் போனை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிகள் எத்தனையோ பேர். அடுத்த தடவை அவர்கள் வரும்போது துணிக்கடை, கோயில், உறவுக்காரர் வீடு என்று சுற்றுவதோடு நிறுத்தாமல், எங்காவது நாலு நாள் ஒன்றாகத் தங்கும்படி கூட்டிக்கொண்டு போங்கள். மலைதான் என்றில்லை. மலை ரயில் வேண்டுமென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

நேற்றுக் காலண்டர் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 63 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஆறேழு நானே கேள்விப்படாதவை. பிள்ளைகள் பேசும் இந்தக் காலத்துப் பிரெஞ்சு போலிருக்கிறது.