கரிய நாயும் காவல் நாயும்

இரத்தினபுரிப் பட்டினத்தையும் களுகங்கையையும் பின்னே விட்டுத் தோட்டப் பாதையில் ஏறுவோமாயின், இறப்பர் மரங்களின் நிழல் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். அதற்கும் மேலே தேயிலைச் சரிவுகள். அப்பால் சிவனொளிபாத மலை. மழையும் மூடுபனியும் மிகுந்த சப்பிரகமுவவில் இருட்டியபின் தனிவழி செல்லப் பலர் தயங்குவர். முச்சந்தியில் மகாசோனா என்னும் மயானப் பேய் முதுகில் அறையும் என்றும், அதன் கைத்தடம் உடலிற் பதியும் என்றும் சிங்களக் கிராமத்தார் சொல்வர்.

இம்மலைகளில் தோட்டங்களைத் திறந்த ஆங்கிலேயரின் தாய்நாட்டில் இவ்விரவச்சம் கரிய நாயின் உருக்கொண்டது. 1577ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், பெரும் புயலுக்கிடையே, பங்கே என்னும் ஊரின் தேவாலயத்துள் கரிய நாயொன்று பாய்ந்து இருவரைக் கொன்றதாக அக்காலச் சிறுநூலொன்று கூறுகிறது. அந்நாளில் அது சென்றதாகச் சொல்லப்படும் பிளைத்பரோ தேவாலயத்தின் கதவிலுள்ள கருகிய வடுக்களை அதன் நகக்குறிகள் என்று இன்றும் காட்டுவர். கொனன் டொயில் 1901இல் வெளியிடத் தொடங்கிய துப்பறியும் நாவலொன்றும் இத்தகைய கதைகளிலிருந்து பிறந்ததே.

நம் முன்னோரோ நாயை வேறு விதமாகவும் கண்டனர். வைரவருக்கு நாயே வாகனம். கறுப்பண்ணசாமியின் வேட்டைக்கும் அதுவே துணை. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தோர் தம் காவல் தெய்வங்களையும் உடன் கொணர்ந்து, தோட்டத்து மரத்தடிகளில் வைத்து வணங்கினர். விடியுமுன் எழுந்து மலையேற வேண்டிய எளியோருக்கு, மரணத்தை அறிவிக்கும் நாயினும் உடன்வரும் நாயே வேண்டியிருந்தது போலும்! எனினும், நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் எமதூதர் வருகின்றனர் என்று அஞ்சும் பாட்டிமார் நம்மிடையேயும் உண்டு.

அவ்வச்சத்தில் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. பேய்நாய் கடித்து மாண்டவரை நாம் அறியோம். விசர்நாய் கடித்து மாண்டவரோ பலர். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் அந்நோயால் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை இன்று பத்திலொரு பங்கிலும் குறைந்துவிட்டது. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் மனிதருக்கு முதன்முதல் இட்ட ஊசியின் வழிவந்த நன்மை இது. ஆயினும், நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

ஏச்சுக்கு அஞ்சிச் சிறுவர் கடியை மறைப்பதுண்டு. லயத்து வாசலில் பாட்டி பேய்க்கதை சொல்லட்டும்; நாமும் கேட்டு மகிழ்வோம். கதை முடிந்தபின், "நாய் பிறாண்டினாலும் ஒளிக்காமல் சொல்லிவிடு, ராசா" என்ற ஒரு சொல்லையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும்.