பித்தளை டம்ளர்

கையில் காசு முடை வந்தால் நான் நிலம் பார்ப்பேன். வாங்க அல்ல, செல்போனில் பார்க்க. வீட்டுக்கடன் தவணை பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்த ராத்திரியும், வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டுவதற்குள் உயிர் போன சாயங்காலமும் விடாமல் பார்ப்பேன். ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கர், கிணறு, நாலைந்து தென்னை, ஓட்டு வீடு. திண்ணையில் நான். கையில் பித்தளை டம்ளரில் காபி.

ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனைவி கேட்டாள், "ஏங்க, அந்தக் காபிய யாரு போட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. என் கனவில் சாணி அள்ளியாயிற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று, களை எடுத்தாயிற்று. யார் செய்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. நாங்கள் குடியிருக்கும் நூம்பலிலும் அதே கதைதான். தண்ணி லாரி ஹாரன் அடித்தால் சம்ப் மூடியைத் திறக்க ஓடுவது அவள். நான் மாடியில் படுத்துக்கொண்டு சொட்டுநீர்ப் பாசன வீடியோ பார்ப்பேன்.

இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வாரின் வீடியோக்களையும் அப்படியே படுத்துக்கொண்டுதான் பார்த்தேன். மனிதர் 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலை பார்த்தவர். அங்கே செய்த விவசாய முறையில் நம்பிக்கை போனதும் வேலையை உதறிவிட்டு வந்தார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம், வறண்ட பூமியில்தான் வானகம் என்ற பண்ணையை எழுப்பினார். 2013 டிசம்பரில் இறந்தபோதும் பட்டுக்கோட்டைப் பக்கம் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஓய்வெடுக்க நிலத்துக்குப் போனவர் இல்லை அவர். நான் அவர் பெயரைச் சொல்லி ஓய்வுதான் தேடினேன்.

இதுவரை சொன்னது சில்லறைக் குற்றம். பெரியது இனிமேல்தான்.

எங்களுக்கு நிலம் இருந்தது. செய்யாறு பக்கம், ஏரிப் பாசனம், சின்னத் துண்டு. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, ரெண்டு நாள் வந்துட்டுப் போடா என்று அப்பா கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு ஆபீசில் மீட்டிங். பிறகு இந்த வீட்டுக்கு முன்பணம் குறைந்தது. விற்கலாம் என்று நச்சரித்தவன் நான்தான். பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அப்பா ஒன்றும் பேசவில்லை, வெயிலுக்கு மோர் கேட்டார். நானோ, அவருக்கு வயசாகிவிட்டது, அவரால்தான் பார்க்க முடியவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

நூம்பலில் எங்கள் தெருவே முன்பு வயலாக இருந்தது என்பார் பக்கத்து வீட்டு ஆயா. நாற்று நட்டுப் போன இடுப்பு என்று இன்றைக்கும் அந்த வயலைத்தான் வைவார். அவரிடம் என் ஓட்டு வீட்டைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் ஒரு புரோக்கரிடம் விலை கேட்டேன். "வாங்குற பார்ட்டியா சார், சும்மா விசாரிக்கிற பார்ட்டியா?" என்றார்.

வாங்குற பார்ட்டிதான் என்றேன்.