கழுத்தில் ஒரு ஹெல்மெட்

சைக்கிள் ஓட்டும் பலர் ஹெல்மெட் போடாததற்குச் சொல்லும் காரணம் சின்னதுதான்: முடி கலைந்துவிடும்! இதைக் கேட்டுச் சிரிக்காமல் யோசித்தவர்கள் ஸ்வீடன் மாணவிகள் இருவர், அன்னா ஹாப்ட், தெரேஸ் அல்ஸ்டின். 2005-ல் படிப்புக்கான ஆய்வாக அவர்கள் தொடங்கியதுதான் "ஹோவ்டிங்". கழுத்துப்பட்டைக்குள் மடித்த காற்றுப்பை அது. ஓட்டுபவர் விழுவதை சென்சார்கள் உணர்ந்தால் சுமார் 0.1 விநாடியில் விரிந்து தலையை மூடும்.

2011-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் 2023 டிசம்பரில், பாதுகாப்புக் குறை இருப்பதாகச் சொல்லி ஸ்வீடன் நுகர்வோர் அமைப்பு விற்பனையைத் தடை செய்தது. நிறுவனமும் திவாலானது.

சாதாரண ஹெல்மெட்டுக்கு சார்ஜும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். அப்படியானால் மாணவிகள் யோசித்தது வீணா? இல்லை. விரியாத காற்றுப்பையும் காப்பாற்றாது, வீட்டு ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டும் காப்பாற்றாது. அவர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நண்பர்களே!